வேர்ட்பிரஸ்ஸா, சொந்த கோடிங்கா? இணையதளம் தொடங்கும் முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி

2018 ஏப்ரல் 6, வெள்ளிக்கிழமை. இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தைத் திறந்தவர்களுக்கு ஒரு பிழைச் செய்தியும், கூடவே சீன எழுத்து ஒன்றும் தெரிந்தன. 'சீனாக்காரன் ஹேக் பண்ணிட்டான்' என்று சமூக ஊடகங்கள் பற்றிக்கொண்டன. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமனும், தளம் ஹேக் செய்யப்பட்டதாகக் குறிப்பிட்டு நடவடிக்கை தொடங்கிவிட்டது என்று ட்வீட் செய்தார்.

பிறகு கதை மாறியது. ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை, ஹார்டுவேர் கோளாறுதான் என்று தேசிய சைபர் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்த குல்ஷன் ராய் விளக்கினார். அப்போ அந்தச் சீன எழுத்து? அது 'ஜென்' என்ற சொல்லுக்கான எழுத்து. அமைச்சகத்தின் தளம் ட்ரூபல் என்ற மென்பொருளில் இயங்கியது. ட்ரூபலில் 'ஜென்' என்ற பெயரில் ஒரு இலவச தீம் உண்டு. அந்த தீமுடன் சேர்ந்தே வரும் லோகோதான் அந்த எழுத்து. தளம் படுத்ததும் அது வெளியே எட்டிப் பார்த்தது.

ரெடிமேட் மென்பொருளில் தளம் நடத்துவது என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. உங்கள் தளத்தில் ஓடும் கோடில் பெரும்பகுதி வேறு யாரோ எழுதியது. வேலை சுலபமாவது அதனால்தான். சில நாள் தூக்கம் கெடுவதும் அதனால்தான்.

நீங்கள் பெங்களூருவிலோ புனேவிலோ குருகிராமிலோ வேலை பார்ப்பவர் என்றால், இந்தக் கேள்வி ஒருநாள் உங்களைத் தேடி வரும். "நீ ஐ.டி.லதானே இருக்க, எனக்கு ஒரு வெப்சைட் போட்டுக் கொடேன்" என்று அக்காவோ, கல்லூரி நண்பரோ, பேக்கரி தொடங்கிய பக்கத்து வீட்டுக்காரரோ கேட்பார்கள். சொந்தமாக ஒரு போர்ட்ஃபோலியோ போட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றலாம். உடனே அந்தப் பழைய விவாதம் தொடங்கும். வேர்ட்பிரஸ் போன்ற சி.எம்.எஸ். போதுமா, அல்லது எச்.டி.எம்.எல்.லில் நாமே எழுதிவிடலாமா?

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

சி.எம்.எஸ். என்பது கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கம். தளத்தில் வரும் எழுத்து, படம், விலை எல்லாம் ஒரு டேட்டாபேஸில் இருக்கும். தோற்றம் தீமில் இருக்கும். யாராவது உங்கள் பக்கத்தைத் திறந்தால், சர்வரில் இருக்கும் மென்பொருள் டேட்டாபேஸில் இருந்து உள்ளடக்கத்தை எடுத்து, தீமில் பொருத்தி, பக்கத்தை அந்த நேரத்தில் தயாரித்து அனுப்பும். வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா எல்லாமே அடிப்படையில் இப்படித்தான் இயங்குகின்றன. கோடிங் தெரியாதவரும் லாகின் செய்து, மெயில் டைப் பண்ணுவது போல டைப் பண்ணி, பப்ளிஷ் பட்டனை அழுத்தலாம்.

கையால் எழுதிய தளத்தில் இந்த நடுவேலை கிடையாது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் சேர்த்து நீங்கள் எழுதிய கோப்பு சர்வரில் அப்படியே கிடக்கும். யார் கேட்டாலும் அதையே எடுத்துக் கொடுக்கும்.

ஓட்டலில் ஆர்டர் வந்த பிறகு சுட்டுக் கொடுக்கும் தோசை சி.எம்.எஸ். முன்கூட்டியே சுட்டு டப்பாவில் அடைத்த முறுக்கு கையால் எழுதிய தளம். தோசைக்கு அடுப்பும் மாவும் மாஸ்டரும் எப்போதும் தயாராக இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொருவருக்கும் வேறு வேறாகச் சுடலாம். முறுக்கை எடுத்து நீட்டினால் போதும், ஆனால் ருசியை மாற்ற வேண்டுமென்றால் திரும்ப முதலில் இருந்து சுட வேண்டும்.

சி.எம்.எஸ். ஏன் வந்தது?

1991-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கிய உலகின் முதல் இணையதளம் கையால் எழுதிய எச்.டி.எம்.எல்.தான். அடுத்த சில ஆண்டுகளும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். பத்துப் பக்கம் இருக்கும் வரை பிரச்சினை இல்லை. ஐந்நூறு பக்கம் ஆன பிறகு மெனுவில் ஒரு சொல்லை மாற்ற வேண்டுமென்றால், ஐந்நூறு கோப்புகளையும் தொட வேண்டும். எழுதுபவர் ஒருவர், கோடிங் தெரிந்தவர் இன்னொருவர் என்றால் ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கான விடைதான் சி.எம்.எஸ். ட்ரூபல் 2001-ல் வெளியானது. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் சேர்ந்து 2003 மே மாதம் வேர்ட்பிரஸ்ஸை வெளியிட்டார்கள். வலைப்பதிவு எழுதுவதற்காகத் தொடங்கிய வேர்ட்பிரஸ், இன்று உலகில் உள்ள இணையதளங்களில் 40 சதவீதத்துக்கும் மேல் இயக்குகிறது.

அதாவது சி.எம்.எஸ். பிறந்தது அழகான தளம் செய்வதற்காக அல்ல. பலர் சேர்ந்து, அடிக்கடி, கோடிங் தெரியாமலே தளத்தை மாற்றுவதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டால் முடிவு பாதி தெளிவாகிவிடும்.

முதல் கேள்வி: தளத்தை யார் மாற்றப் போகிறார்கள்?

'எது சிறந்தது?' என்று கேட்டால் விவாதம் முடியவே முடியாது. 'தளம் தொடங்கிய பிறகு, அதை யார், எத்தனை முறை மாற்றப் போகிறார்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் விடை தானாகவே வந்துவிடும். மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

ஒன்று, புனேவில் ஒரு கட்டட வடிவமைப்பாளர். தான் செய்த பத்து, பன்னிரண்டு வேலைகளின் படங்கள், தன்னைப் பற்றிய ஒரு பக்கம், தொடர்பு எண். ஆண்டுக்கு இரண்டு முறை புதுப் படம் சேர்ப்பார். இவருக்கு டேட்டாபேஸ் எதற்கு? நான்கைந்து எச்.டி.எம்.எல். பக்கங்கள் போதும்.

இரண்டு, பெங்களூருவில் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவர். வாராவாரம் மெனு மாறும், பண்டிகைக்கு ஆஃபர் வரும், முட்டை விலை ஏறினால் கேக் விலையும் ஏறும். மாற்ற வேண்டியது அவர். கோடிங் தெரியாது, மொபைல்தான் கம்ப்யூட்டர். இங்கே நீங்கள் கையால் எழுதிக் கொடுத்தால், தீபாவளிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு "அந்த ரேட்டை மட்டும் மாத்திக் கொடேன்" என்று உங்களுக்குத்தான் போன் வரும்.

மூன்றாவது உதாரணம் அரசுத் துறையில் இருக்கிறது. தேசியத் தகவல் மையமான என்.ஐ.சி., மாவட்ட நிர்வாகங்களின் தளங்களுக்காக எஸ்3வாஸ் என்ற பொதுத் தளத்தை உருவாக்கியது. நாடு முழுவதும் பல மாவட்டங்களின் தளங்கள் பார்க்க ஒரே சாயலில் இருப்பது இதனால்தான். டெண்டர், வேலைவாய்ப்பு அறிவிப்பு, விடுமுறை உத்தரவு என்று மாவட்ட அலுவலகம் ஓயாமல் எதையாவது ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்றுபவர் அலுவலக ஊழியர், புரோகிராமர் அல்ல. ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனியாக ஒரு தளத்தை எழுதி, தனித்தனியாகப் பாதுகாப்பது நடக்காத காரியம். ஒரே இடத்தில் ஓட்டையை அடைத்தால் எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து அடைபடும் என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய லாபம்.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது?

'வேர்ட்பிரஸ் ஃப்ரீதானே?' என்பார்கள். மென்பொருள் இலவசம்தான். 'கையால எழுதினா ஹோஸ்டிங்கே ஃப்ரீ' என்று இன்னொரு பக்கம் சொல்வார்கள். அதுவும் ஓரளவுக்கு உண்மை. கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ், நெட்லிஃபை போன்ற சேவைகள் இப்படிப்பட்ட நிலையான கோப்புகளைக் காசில்லாமல் வைத்துக்கொள்ள இடம் தருகின்றன. ஆனால் விதிகளைப் படித்துவிடுங்கள். கிட்ஹப் பேஜஸை ஆன்லைன் வியாபாரம் நடத்துவதற்கான இலவச ஹோஸ்டிங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது.

உண்மையான செலவு பணத்தைவிட நேரம்தான். ஒரு கணக்குப் போடுவோம். இதில் உள்ள எண்கள் உதாரணத்துக்கு மட்டும். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கையால் எழுதிய தளத்தில் ஒரு சின்ன மாற்றத்துக்கு, கோப்பைத் திறந்து, திருத்தி, சரிபார்த்து, ஏற்றி முடிக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு மாற்றம் என்றால் ஆண்டுக்கு 104. மொத்தம் கிட்டத்தட்ட 35 மணி நேரம். இது முழுக்க உங்கள் நேரம், ஏனென்றால் வேறு யாராலும் அதைச் செய்ய முடியாது.

சி.எம்.எஸ். தளத்தில் அந்த மாற்றங்களைக் கடைக்காரரே செய்துகொள்வார். ஆனால் நீங்கள் மாதம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அப்டேட் போட வேண்டும், பேக்கப் சரியாக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஏதாவது பிளகின் முறைத்துக்கொண்டால் சமாதானப்படுத்த வேண்டும். ஆண்டுக்கு 18 மணி நேரம். தளத்தில் ஒரு எழுத்துகூட மாறாவிட்டாலும் இந்த 18 மணி நேரம் போய்த்தான் தீரும்.

18 மணி நேரத்தை 20 நிமிடத்தால் வகுத்தால் 54. அதாவது இந்தக் கணக்குப்படி, ஏறக்குறைய வாரம் ஒரு மாற்றம் என்பதுதான் எல்லைக்கோடு. அதைவிட அதிகம் என்றால் சி.எம்.எஸ். லாபம். அதைவிடக் குறைவு என்றால் கையால் எழுதியது லாபம். பலர் தொடக்க வேலையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அது ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பராமரிப்பு எத்தனை வருடம் என்று யாருக்கும் தெரியாது.

பாதுகாப்பு: ஏழு மணி நேரக் கதை

2014 அக்டோபர் 15-ஆம் தேதி ட்ரூபல் 7-ல் ஒரு பெரிய ஓட்டை இருப்பதாக அறிவித்து, அதற்கான திருத்தத்தையும் அதன் பாதுகாப்புக் குழு வெளியிட்டது. லாகின் செய்யாமலே டேட்டாபேஸுக்குள் நுழைய விடும் ஓட்டை அது. இரண்டு வாரம் கழித்து அதே குழு ஓர் எச்சரிக்கை விட்டது. அறிவிப்பு வந்த ஏழு மணி நேரத்துக்குள் நீங்கள் திருத்தத்தைப் போடவில்லை என்றால், உங்கள் தளம் ஏற்கெனவே ஊடுருவப்பட்டுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது.

ஏழு மணி நேரம். இந்திய நேரப்படி நள்ளிரவில் அறிவிப்பு வந்தால், நீங்கள் எழுந்து காபி குடிப்பதற்குள் முடிந்துவிடும். லட்சக்கணக்கான தளங்கள் ஒரே மென்பொருளில் ஓடுவதால் கிடைக்கும் வசதிக்கு இதுதான் விலை. ஒரு பூட்டைத் திறக்கக் கற்றவன் எல்லா வீட்டையும் திறந்து பார்ப்பான். உங்கள் தளம் சின்னது, யார் கண்டுகொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். தேடுவது மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். அவற்றுக்குச் சின்னது பெரியது தெரியாது.

வேர்ட்பிரஸ் இதில் கொஞ்சம் பரவாயில்லை. 2013-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து சிறிய பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே நிறுவப்படுகின்றன. 2020-ல் வந்த 5.5 பதிப்பிலிருந்து பிளகின், தீம் ஆகியவற்றுக்கும் தானியங்கி அப்டேட்டை நீங்கள் இயக்கிக்கொள்ளலாம். ஆனால் சிக்கல் அதிகம் வருவது வேர்ட்பிரஸ்ஸின் மையப் பகுதியிலிருந்து அல்ல, பிளகின்களிலிருந்துதான். தொடர்புப் படிவத்துக்கு ஒன்று, படத்தொகுப்புக்கு ஒன்று, வாட்ஸ்அப் பட்டனுக்கு ஒன்று என்று சேர்த்துக்கொண்டே போனால், ஒவ்வொன்றும் வேறு ஒருவர் எழுதி, வேறு ஒருவர் பராமரிக்கும் (அல்லது பராமரிப்பதை நிறுத்திவிட்ட) கோடு.

கையால் எழுதிய நிலையான தளத்தில் லாகின் பக்கமும் இல்லை, டேட்டாபேஸும் இல்லை. திருட உள்ளே நுழைந்தாலும் எடுக்க ஒன்றும் இல்லை. ஹோஸ்டிங் கணக்கின் பாஸ்வேர்டைப் பத்திரமாக வைத்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட்டால் பெரும்பாலான ஆபத்து முடிந்தது. ஆனால் 'நானே கோடு எழுதுறேன், அதனால சேஃப்' என்ற நம்பிக்கையை இதற்குமேல் நீட்டாதீர்கள். லாகினும் டேட்டாபேஸும் வைத்து ஒரு சிஸ்டத்தையே நீங்கள் புதிதாக எழுதினால், அதில் உள்ள ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொல்ல உலகில் வேறு யாரும் இல்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2022 ஏப்ரலில் வந்த செர்ட் இன் அமைப்பின் உத்தரவுப்படி, இணையதளம் ஊடுருவப்பட்டால் நிறுவனங்கள் அதை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. அந்த உச்சத் தொகை ஒரு பேக்கரியைக் குறி வைத்தது அல்ல. ஆனால் பெயர், போன் நம்பர் கேட்கும் ஒரு படிவத்தை வைத்த நொடியில் பொறுப்பு தொடங்குகிறது. அந்தப் பொறுப்பு தளத்தின் உரிமையாளருடையது, 'டெவலப்பர் பார்த்துப்பார்' என்று தள்ளிவிட முடியாது. எனவே தேவையில்லாத எதையும் கேட்காதீர்கள், சேமிக்காதீர்கள்.

பணம் வாங்குவதாக இருந்தால் இன்னும் கறாராக இருங்கள். 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. சி.எம்.எஸ். ஆனாலும் சொந்தக் கோடு ஆனாலும், பணம் செலுத்தும் இடத்தைப் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் பக்கத்துக்கே அனுப்பிவிடுவதுதான் நல்லது.

'ஏ.ஐ.யே எழுதிடுமே?'

எழுதும். 2025 பிப்ரவரியில் ஆண்ட்ரே கர்பாதி 'வைப் கோடிங்' என்று இதற்கு ஒரு பெயரே வைத்தார். என்ன வேண்டும் என்று சாதாரண மொழியில் சொன்னால், ஐந்து பக்கத் தளத்தைச் சில நிமிடங்களில் ஏ.ஐ. கொடுத்துவிடும். கையால் எழுதுவதில் இருந்த பெரிய தடை, அதாவது தொடக்க உழைப்பு, இதனால் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆனால் மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் தொடக்க உழைப்பே இல்லை. ஏ.ஐ. எழுதிய தளத்தையும் யாராவது மாற்ற வேண்டும், எங்காவது ஏற்ற வேண்டும், டொமைனைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு சின்ன சோதனை வைத்துக்கொள்ளுங்கள். ஏ.ஐ. கொடுத்த கோப்பைத் திறந்து, ஒரு விலையை மட்டும், வேறு எதுவும் உடையாமல், நீங்களாகவே மாற்ற முடிகிறதா? முடிகிறது என்றால் அது உங்கள் தளம். இல்லை என்றால், எழுதியவர் காணாமல் போன ஒரு தளத்தை நீங்கள் நடத்துகிறீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ஏதாவது சேவையின் ரகசியக் குறியீட்டு எண், அதாவது ஏ.பி.ஐ. கீ, ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறதா? பிரவுசருக்குப் போகும் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். அதில் ரகசியம் என்று எதுவும் இருக்கக் கூடாது.

நடுவழி இருக்கிறதா?

இருக்கிறது. ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் பலருக்கு இதுதான் பொருந்தும்.

முதலாவது, ஸ்டாட்டிக் சைட் ஜெனரேட்டர். 2008-ல் வந்த ஜெகில், பிறகு வந்த ஹ்யூகோ போன்றவை இந்த வகை. ஒவ்வொரு பக்கத்தையும் மார்க்டவுன் என்ற எளிய எழுத்துக் கோப்பாக எழுதுவீர்கள். தீமை ஒரே இடத்தில் வைப்பீர்கள். கட்டளை கொடுத்தால் எல்லாப் பக்கங்களையும் எச்.டி.எம்.எல்.லாக அது தயாரித்துவிடும். மெனுவை மாற்ற ஐந்நூறு கோப்புகளைத் தொட வேண்டிய தொல்லை இல்லை. ஓடுவதற்கு டேட்டாபேஸும் வேண்டாம். வலைப்பதிவு எழுத, போர்ட்ஃபோலியோ வைக்க, மென்பொருள் வழிகாட்டி எழுத மிகப் பொருத்தம். ஆனால் கிட் தெரியாத ஒருவருக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது, விக்ஸ், ஷாப்பிஃபை போன்ற மாதச் சந்தா சேவைகள். அப்டேட், பேக்கப், சர்வர் எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மேலே சொன்ன 18 மணி நேரத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கேக் விற்பவருக்கு, பக்கத்தில் டெக் தெரிந்த ஆள் யாரும் இல்லை என்றால், இதுவே நிம்மதியான வழி.

மூன்றாவது, சி.எம்.எஸ். வைத்துக்கொண்டே கேஷிங் போடுவது. ஒருமுறை தயாரித்த பக்கத்தை அப்படியே சேமித்து வைத்து அடுத்தடுத்து வருபவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது. தோசைக் கடையிலேயே கொஞ்சம் முறுக்கும் வைப்பது மாதிரி. வேகம் கூடும். ஆனால் அடுப்பு உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும், அதாவது அப்டேட் வேலை குறையாது.

வெளியே வர முடியுமா?

நுழையும்போது யாரும் கேட்காத கேள்வி இது. சில ஆண்டுகள் முன்பு வரை, கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவு செய்த சிறு வியாபாரிகளுக்கு கூகுளே ஒரு இலவச இணையதளம் கொடுத்தது. 2024 மார்ச் மாதம் அந்தத் தளங்களை எல்லாம் கூகுள் நிறுத்தியது. ஜூன் 10 வரை அந்த முகவரிக்கு வந்தவர்களை மேப்ஸ் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. விசிட்டிங் கார்டிலும் கடைப் பலகையிலும் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் புதிதாக அச்சடிக்க வேண்டியதுதான். முகவரி அவர்களுடையதாக இல்லாமல் கூகுளுடையதாக இருந்ததுதான் காரணம்.

விக்ஸில் செய்த தளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய் வேறு சர்வரில் வைக்க முடியாது. வேர்ட்பிரஸ் திறந்த மூல மென்பொருள் என்பதால் கோடும் டேட்டாபேஸும் உங்கள் கையில் இருக்கும், வேறு ஹோஸ்டிங்குக்கு மாறலாம். ஆனால் அங்கும் யாரையும் சாராமல் இருக்கிறோம் என்று சொல்லிவிட முடியாது. 2024 செப்டம்பரில் மாட் முல்லன்வெக்குக்கும் டபிள்யூ.பி. எஞ்சின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மோதல் வெடித்தபோது, அந்த நிறுவனத்தின் சர்வர்களுக்கு வேர்ட்பிரஸ்ஸின் அதிகாரப்பூர்வ பிளகின், தீம் கிடங்கு அடைக்கப்பட்டது. சண்டைக்குச் சம்பந்தமே இல்லாத வாடிக்கையாளர்கள் அப்டேட் கிடைக்காமல் தவித்தார்கள்.

எனவே எந்த வழியில் போனாலும், டொமைன் பெயரை உரிமையாளரின் பெயரிலும் அவரது மெயில் முகவரியிலும் பதிவு செய்யுங்கள். ஃப்ரீலான்ஸர் பெயரில் வேண்டாம், உங்கள் பெயரிலும் வேண்டாம். முகவரி கையில் இருந்தால், தளத்தை ஒரு வாரத்தில் திரும்பக் கட்டிவிடலாம். முகவரி போய்விட்டால் கூகுள் தேடலில் சேர்த்த இடம், வாடிக்கையாளர் நினைவு எல்லாம் அதோடு போய்விடும்.

தமிழில் தளம் என்றால்?

நீங்கள் தமிழில் எழுதுபவர் என்றால், அல்லது உங்கள் ஊர் தமிழ்ச் சங்கத்துக்குத் தளம் போடுகிறீர்கள் என்றால், இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் முகவரி. வேர்ட்பிரஸ்ஸில் தமிழில் தலைப்பு வைத்தால், அதிலிருந்தே பக்கத்தின் முகவரியும் உருவாகும். முகவரியின் அந்தப் பகுதிக்கு 200 குறிகள்தான் இடம். யூனிகோடில் ஒரு தமிழ்க் குறியீடு சதவீதக் குறிகளாக மாறும்போது 9 இடத்தைப் பிடிக்கும். எனவே 22 குறியீடுகளுக்கு மேல் தாங்காது. 'கி' போன்ற உயிர்மெய் இரண்டு குறியீடு என்பதால், நடைமுறையில் சுமார் 15 எழுத்திலேயே வெட்டு விழுந்துவிடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளின் நீண்ட வால் தெரியும். பப்ளிஷ் செய்யும் முன் முகவரியை மட்டும் ரோமன் எழுத்தில் சுருக்கமாக மாற்றிவிடுங்கள். கையால் எழுதும்போது கோப்பின் பெயரை நீங்களே வைப்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்து மொழி. பக்கத்தின் மொழி தமிழ் என்று கோடில் குறிப்பிட்டால்தான், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரை வாசிப்பான் சரியான குரலில் படிக்கும். வேர்ட்பிரஸ்ஸில் தளத்தின் மொழியைத் தமிழாக வைத்துவிட்டு, உங்கள் கணக்கின் மொழியை மட்டும் ஆங்கிலமாக வைத்துக்கொள்ளலாம். கையால் எழுதினால் இதை நீங்கள்தான் நினைவு வைத்து எழுத வேண்டும். இருமொழித் தளம் என்றால், வேர்ட்பிரஸ்ஸுக்குத் தனியாக பிளகின் வேண்டும். ட்ரூபலில் 8-ஆம் பதிப்பு முதல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

சுருக்கமாக:

• ஐந்தாறு பக்கம், ஆண்டுக்குச் சில மாற்றங்கள், மாற்றுபவர் நீங்களே என்றால் கையால் எழுதுங்கள்.

• அடிக்கடி எழுதுவீர்கள், கோடிங் தெரியும், மாற்றுபவர் நீங்கள் மட்டும்தான் என்றால் ஹ்யூகோ போன்ற ஜெனரேட்டர்.

• வாரம் ஒன்றுக்கு மேல் மாற்றம், மாற்றுபவருக்குக் கோடிங் தெரியாது, பராமரிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்றால் வேர்ட்பிரஸ். பிளகின்களை எண்ணி வையுங்கள்.

• அதே நிலைமை, ஆனால் பராமரிக்க யாரும் இல்லை என்றால் மாதச் சந்தா சேவை. டொமைன் மட்டும் தனியாக, உரிமையாளர் பெயரில்.

• பல பேர், பல பொறுப்புகள், ஒப்புதல் வாங்கி வெளியிடும் முறை, பல மொழிகள் என்றால் ட்ரூபல் போன்ற பெரிய சி.எம்.எஸ். கூடவே அதற்கென்று சம்பளம் வாங்கும் ஆளும் வேண்டும்.

• நீங்கள் கற்றுக்கொள்ள விரும்புகிறீர்கள் என்றால், உங்கள் சொந்தத் தளத்தையே கையால் எழுதுங்கள். உடைந்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான். அடுத்தவர் பிழைப்பு ஓடும் தளத்தில் பரிசோதனை செய்யாதீர்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை யோசனை. யாருக்காவது தளம் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டால், தொடங்கும் முன்பே ஒரே ஒரு பக்கத்தில் இதை எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள்: டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும், ஹோஸ்டிங் கணக்கு எங்கே, பேக்கப் எங்கே இருக்கிறது, கடைசியாக அதிலிருந்து மீட்டுப் பார்த்தது எப்போது, மாதாமாதம் அப்டேட் போடுவது யார், நீங்கள் வேறு ஊருக்கு மாறிப் போனால் அடுத்து யாரைக் கேட்பது. இவை எல்லாவற்றுக்கும் பதில் எழுத முடிந்தால் எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் சமாளித்துவிடலாம். 'அப்டேட் போடுவது யார்' என்ற வரி மட்டும் காலியாக இருக்கிறதா? அப்படியென்றால், அப்டேட் தேவைப்படாத வழியைத்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும்.